குடியம் பாதையும் பங்குனி வெயிலும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக்காரர்களிடம் உங்களுக்குப் பக்கத்து மலை எது என்று கேட்டால் திருத்தணி என்பார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு சோளிங்கர் என்பார்கள். வாலிபப் பிள்ளைகள் ஆந்திர எல்லையைத் தாண்டி நாகலாபுரம், தடா என்று மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுகிறார்கள். பூண்டி ஏரிக்கு அந்தப் பக்கம், நம்முடைய திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே அல்லிக்குழி மலை என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. மலை என்று சொல்லக் கொஞ்சம் கூச்சப்படும் உயரம்தான். ஆனால் அதன் மடியில் குடியம் என்ற சிற்றூரும், ஊருக்கு மேலே ஆதிமனிதர் ஒதுங்கிய பாறைக்குகைகளும் இருக்கின்றன. அந்தக் குகைகளுக்குப் போகும் காட்டுப்பாதையைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

முன்பெல்லாம் குடியத்துக்குப் போக வேண்டுமென்றால் திருவள்ளூர் வரை மின்சார ரயில், அங்கிருந்து பூண்டிக்குப் பஸ், அப்புறம் கிடைத்த வண்டி. ஊரில் யாராவது ஒரு பெரியவரையோ ஆடு மேய்க்கும் பையனையோ துணைக்கு அழைத்துக்கொண்டு காட்டுக்குள் நடக்க வேண்டியதுதான். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மாநிலம் முழுவதும் 40 மலையேற்றப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் முன்பதிவு, வழிகாட்டி, கட்டணம் என்று ஒழுங்குபடுத்தியது. நீலகிரி, கொடைக்கானல் பாதைகளோடு குடியம் குகைகளும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. நம்ம ஊர்ப் பெயரை அதில் பார்த்தபோது எனக்கு ஒரு சின்ன பெருமை.

அடுத்து வந்த 2025 பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, காட்டுத்தீக் காலம் என்று சொல்லி அந்தப் பாதைகளை மூடிவிட்டார்கள். எங்கள் காலை நடைக்குழுவில் இது பெரிய விவாதமாகிவிட்டது. "சார், மழை கிடையாது, சேறு கிடையாது, பாம்பு பயம் குறைவு. மார்ச்சில் போகாமல் எப்போது போவது? இந்த அதிகாரிகளுக்கு மூடுவதைத் தவிர வேறு என்ன தெரியும்?" என்றார் ஒரு நண்பர். முப்பத்து நான்கு வருஷம் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் நான் அதிகாரிகள் பக்கம் பேசுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். நானும் அப்படித்தான் பேசினேன். ஆனால் காரணம் வேறு. அதைச் சொல்ல 1859க்குப் போக வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் பாதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பாடப்புத்தகத்தில் மார்ச் மூன்றாவது வாரம் வசந்தம் பிறந்துவிடும். பனி உருகும், புல்வெளியில் பூ பூக்கும், குடும்பம் குடும்பமாக மலையடிவாரத்துக்கு உணவுக்கூடையோடு போவார்கள். அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும்போது எங்களுக்கு நெற்றியில் வியர்வை வழியும். நம் முன்னோர் பெரும்பொழுதை ஆறாகப் பிரித்து, மாசி, பங்குனியைப் பின்பனியிலும் சித்திரை, வைகாசியை இளவேனிலிலும் வைத்தார்கள். கோயில்களில் வசந்த உற்சவம் நடப்பது மாலையில், நிழல் மண்டபத்தில், தண்ணீருக்கு நடுவே. வசந்தம் வந்தது என்று நடுப்பகலில் மலையேறச் சொன்ன தமிழ் இலக்கணம் எதையும் நான் பார்த்ததில்லை. கோவைப் பக்கத்து வெள்ளியங்கிரிக்குப் பிப்ரவரி முதல் மே வரை ஏழு மலை ஏறிப் போகிறார்களே என்று கேட்கலாம். அவர்களில் பெரும்பாலோர் இரவில் ஏறுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

குடியம் பாதையில் நான் மூன்று முறை நடந்திருக்கிறேன். இரண்டு முறை மார்கழி, தை, ஒருமுறை பங்குனி. ஒரே பாதைதான், ஆனால் ஒரே இடம் என்று சொல்ல முடியாது. தையில் பாதையோரம் ஆவாரம்பூ மஞ்சளாக இருக்கும். பள்ளங்களில் கொஞ்சம் ஈரம் இருக்கும். காரையும் சூரையும் இலையோடு நிற்பதால் முள் கண்ணுக்குத் தெரியாது, வேட்டிக்குத்தான் தெரியும். பங்குனியில் புதர்களெல்லாம் குச்சியாக நிற்கின்றன. புல் வைக்கோலாகிவிடுகிறது. நிழல் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு மரம் வருவதற்குள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வழியில் தண்ணீர் கிடையாது.

எல்லாவற்றையும் விடக் கஷ்டம் காலுக்குக் கீழே. அந்த மலையே கூழாங்கற்களால் ஆனது. எப்போதோ பழைய ஆறுகள் உருட்டிக்கொண்டு வந்து கொட்டிய கற்கள், மணலோடு சேர்ந்து இறுகிப் பாறையாகி, பாறை மறுபடி உதிர்ந்து பாதை முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. மாங்காய் அளவு, தேங்காய் அளவு, உருண்டையும் நீளமுமாக. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: பால்ரஸ் மேல் நடப்பது மாதிரி. மழைக்காலத்தில் ஈர மண் அந்தக் கற்களைக் கொஞ்சம் பிடித்துவைத்திருக்கும். பங்குனியில் மண் பொடியாகிவிடுவதால் ஒவ்வொரு கல்லும் தன் இஷ்டத்துக்கு உருளும். ஏறும்போது தெரியாது. இறங்கும்போது முழங்கால் சொல்லும். குகையை அடைந்தால் பாறை பெரிய குடைபோல் தலைக்கு மேல் வளைந்து நிற்கும். அதன் விளிம்பில் தேன்கூடுகள் தொங்கும். அங்கே சத்தம் போடக் கூடாது, புகை கூடாது, வாசனைத் தைலம் பூசிக்கொண்டு போகக் கூடாது.

காட்டுத்தீயைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தேனி மாவட்டத்தில் போடிக்கு மேலே குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்திலிருந்தும் போன மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மகளிர் தினத்தையொட்டிப் புறப்பட்ட இளம் பெண்கள் அதில் பலர். காய்ந்த புல், சரிவு, காற்று மூன்றும் சேர்ந்தால் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஈடுகொடுக்க முடியாது. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. குடியம் மலை சின்னது, குரங்கணி மாதிரி ஆகாது என்று நண்பர் வாதாடினார். காய்ந்த புல்லுக்குச் சின்ன மலை, பெரிய மலை என்று வித்தியாசம் தெரியாது. எழுபது வயதுக் கால்களோடு கூழாங்கல் சரிவில் ஓட வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

சரி, என் சொந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டு ஷோகேஸில், மதுரை மீனாட்சி பொம்மைக்கும் பேத்தியின் கோப்பைக்கும் நடுவில் ஒரு கல் இருக்கிறது. உள்ளங்கை அளவு, ஒரு முனை கூர்மை, இருபக்கமும் செதுக்கல். சந்தேகமே வேண்டாம், ஆதிமனிதன் செய்த கைக்கோடரி. "எங்கே கிடைத்தது?" என்றேன். "பூண்டிப் பக்கம் எங்கேயோ. பிக்னிக் போனபோது எடுத்தது" என்றார். எங்கேயோ! அவர் கெட்டவர் அல்ல. ஆசையாகத் துடைத்துத்தான் வைத்திருக்கிறார். ஆனால் அந்தக் கல் அன்றைக்கே ஊமையாகிவிட்டது. அது ஏன் என்பதுதான் விஷயம்.

பிரான்சின் வடக்கே சோம் என்ற ஆறு. அதன் கரையில் அப்வில் என்ற ஊரில் பூஷே தெ பெர்த் என்று ஒருவர் சுங்க இலாகா அதிகாரியாக இருந்தார். நம்ம ஜாதி, அதாவது கோப்பு ஜாதி. ஆபீஸ் நேரம் போக ஆற்றங்கரைச் சரளைக் குழிகளில் சுற்றி, செதுக்கிய கற்களையும் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளையும் ஒரே மண்ணடுக்கில் கண்டார். மனிதன் பைபிள் கணக்கைவிட மிகப் பழையவன் என்று 1847இல் தன் புத்தகத்தின் முதல் பாகத்தை வெளியிட்டார். பாரிஸ் பண்டிதர்கள் சிரித்தார்கள். ஒரு சுங்க இலாகாக்காரனுக்கு என்ன தெரியும் என்று பத்து வருஷத்துக்கு மேல் அலட்சியம் செய்தார்கள்.

1859 ஏப்ரலில், அந்த நாட்டு அசல் வசந்தகாலத்தில், இங்கிலாந்திலிருந்து ஜோசப் பிரெஸ்ட்விச், ஜான் எவான்ஸ் என்ற இருவர் வந்தார்கள். ஒருவர் ஒயின் வியாபாரி, மற்றவர் காகித ஆலைக்காரர்; இருவருக்கும் மண்ணடுக்குப் பைத்தியம். மேசைமேல் அடுக்கி வைத்திருந்த கற்கள் அவர்களுக்குப் போதவில்லை. ஆற்றுப்பள்ளத்தாக்கில் மேலே போனால் ஆமியேன் நகரம். அதன் புறநகரான சேந்த்-அஷேலில் ஒரு சரளைக் குழிக்குப் போய், கல் மண்ணுக்குள் பதிந்திருந்த நிலையிலேயே பார்த்து, எடுப்பதற்கு முன் புகைப்படமும் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கல் அதே கல்தான். பன்னிரண்டு வருஷமாக நம்பாததை ஒரே வாரத்தில் நம்பவைத்தது, அது இருந்த இடத்திலேயே பார்க்கப்பட்டது என்ற ஒன்றுதான்.

இதற்கு ஒரு சோகமான பின்கதையும் உண்டு. பூஷே தெ பெர்த் ஆதிமனித எலும்பைக் கண்டெடுப்பவருக்குப் பரிசு என்று குழித் தொழிலாளிகளிடம் சொல்லிவைத்திருந்தார். 1863 மார்ச்சில் ஒரு தாடை எலும்பு "கிடைத்தது". இரு நாட்டு அறிஞர்களும் கூடி மாதக்கணக்கில் வாதிட்டார்கள். கடைசியில் யாரோ கொண்டுவந்து புதைத்த எலும்பு என்று ஆயிற்று. காசுக்காகத் தேடப்படும் பழம்பொருளின் கதை எங்கேயும் இப்படித்தான் முடிகிறது.

அதே 1863. அதே சமயம், கத்திரி வெயில் முடிந்தும் முடியாத மே 30ஆம் தேதி. பல்லாவரம் பட்டாளத்தார் மைதானத்துக்குப் பக்கத்தில் சரளைக்காகத் தோண்டிய ஒரு பள்ளம். இந்திய நிலவியல் துறையில் 1858இல் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இளைஞர் அங்கே ஒரு கல்லைக் கையில் எடுக்கிறார். சோம் ஆற்றங்கரைச் செய்திகளை அவர் ஏற்கெனவே அறிந்திருந்தார். இல்லாவிட்டால் அது அவருக்கும் ஜல்லியாகத்தான் தெரிந்திருக்கும். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கான முதல் சான்று அது. நான்கே மாதத்தில், செப்டம்பர் 28 அன்று, உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கோடு கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கம் ஓடைக்கு வந்தார். அங்கே ஓடைச் சரிவில் இருந்து கற்கருவிகள் கொத்துக் கொத்தாக வெளிப்பட்டன.

அத்திரம்பாக்கமும் குடியமும் ஒரே வட்டாரம். மலையிலிருந்து வந்த அந்தக் கூழாங்கற்கள்தாம் ஆதிமனிதனுக்கு மூலப்பொருள். இன்று நம் காலை இடறுகிற அதே குவார்ட்ஸைட் கற்களைத்தான் அவன் உடைத்துச் செதுக்கினான். கல் நன்றாக இருந்ததால் வந்தான், தண்ணீர் இருந்ததால் தங்கினான். நம் காலத்தில் அதே தண்ணீரைத்தான் 1944இல் பூண்டியில் அணை கட்டித் தேக்கினோம். சென்னை மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தி, கட்டிமுடிவதைப் பார்க்காமலேயே 1943இல் காலமானார்.

இங்கே ஒரு பிரெஞ்சுப் பள்ளிக்காரனின் புலம்பல். நம்ம கைக்கோடரிகளை அறிஞர்கள் சேந்த்-அஷேலின் பெயரால் அழைக்கிறார்கள். தமிழில் அது "அச்சூலியன்" ஆகிவிட்டது. அதற்கு அடுத்த காலத்து நுட்பத்துக்குப் பாரிஸ் ஓரத்திலுள்ள லெவல்வா என்ற ஊரின் பெயர். நம் புத்தகங்களில் "லெவலாய்ஸ்". படிக்கும்போதெல்லாம் காது கூசும். ஆனால் ஒன்றை ரசிக்கிறேன். ஒன்று ஆமியேனின் புறநகர், இன்னொன்று பாரிஸின் புறநகர். அம்பத்தூர், ஆவடி மாதிரி. ஒரு மண்பள்ளத்தைச் சரியாகப் பதிவு செய்தார்கள் என்பதற்காக உலகம் முழுவதும் அந்தப் பேட்டைகளின் பெயர் வழங்குகிறது.

அத்திரம்பாக்கத்துக்கும் அந்த யோகம் வந்தது. சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் என்ற ஆய்வாளர்கள் 1999 முதல் அங்கே பொறுமையாக அகழாய்வு செய்தார்கள். 2011 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது: அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. 2018இல் 'நேச்சர்' இதழில் இன்னொரு முடிவு: லெவல்வா வகை நுட்பம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. உலக மனித வரலாற்றுப் பாடத்தையே திருத்த வேண்டி வந்தது.

15 லட்சம் என்று எப்படிச் சொன்னார்கள்? எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ஒரு கல் வெட்டவெளியில் கிடக்கும்வரை விண்ணிலிருந்து வரும் கதிர்கள் பட்டு அதற்குள் சில அபூர்வ அணுக்கள் உண்டாகிக்கொண்டே இருக்கும். அலுமினியத்தில் ஒருவகை, பெரிலியத்தில் ஒருவகை. கல் ஆழமாக மண்ணுக்குள் புதைந்ததும் கதிர் படாது, வரவு நின்றுவிடும். இருப்பு மட்டும் கரையும். ஒன்று வேகமாக, மற்றொன்று மெதுவாக. மிச்சம் இருக்கும் விகிதத்தைப் பார்த்து எத்தனை காலமாகப் புதைந்து கிடந்தது என்று கணக்கிடுகிறார்கள். வரவு, செலவு, இருப்பு. கருவூலக் கணக்கு தெரிந்த நம் நண்பர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இந்தக் கணக்கு வேலை செய்ய வேண்டுமானால் கல் எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ஷோகேஸில் உள்ள கல்லைப் பார்த்து வடிவத்தைச் சொல்லலாம், அவ்வளவுதான். அலுவலக பாஷையில் சொன்னால், ந.க. எண்ணும் தேதியும் கிழிக்கப்பட்ட கடிதம் அது. யார், யாருக்கு, எப்போது எழுதினார் என்று எந்த அதிகாரியும் கண்டுபிடிக்க முடியாது.

"ஃபூட் மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லையா?" என்று கேட்டார் நண்பர். எடுத்தார், வாழ்நாளெல்லாம் எடுத்தார். ஆனால் எந்தக் கல் எந்த ஊரில், எந்த நிலையில் கிடைத்தது என்று எழுதி வைத்தார். 1904இல் அந்தச் சேகரிப்பு முழுவதும் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதற்கு அவர் தயாரித்த விளக்கப் பட்டியல், 1912இல் அவர் இறந்த பிறகு, 1914லும் 1916லும் அச்சாயிற்று. நூறு வருஷம் கழித்து வந்தவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடிப் போக முடிந்தது.

இப்போது பங்குனிக்கு வருகிறேன். புல் காய்ந்து, இலை உதிர்ந்து, சில இடங்களில் தீயும் மேய்ந்துவிட்டுப் போன பிறகு தரை வெறுமையாகக் கிடக்கும். அந்தப் பங்குனி நடையில்தான் நான் பாதையோரத்தில் செதுக்கிய கற்களை அதிகம் பார்த்தேன். தையில் கண்ணில் படாதவை. எங்களோடு வந்த கூட்டத்தில் ஒரு இளைஞர் பையில் ஏழெட்டுக் கற்களைப் போட்டுக்கொண்டார். குழந்தைகள் தங்கள் பங்குக்கு. காப்புக்காட்டிலிருந்து கல் எடுப்பது வனச் சட்டப்படி குற்றம் என்று நான் சொன்னபோது, "எவ்வளவோ கிடக்கிறதே தாத்தா" என்றார்கள். ஒரு கூட்டத்துக்கு ஐம்பது கல், வாரத்துக்கு இரண்டு கூட்டம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எனவே தீக்காக மூடுகிற அந்த இரண்டு மாதம், யாரும் நினைக்காமலே, கற்களுக்கும் காவல் ஆகிவிடுகிறது. எனக்கு அதில் பூரண திருப்தி.

நடைக்குழுவில் கடைசியில் நான் சொன்ன யோசனை இதுதான். மலையைக் கார்த்திகைக்குப் பிறகு வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 15க்கு மேல் திறந்தாலும் சித்திரை வெயில் நம் வயதுக்கு ஆகாது. மாசி, பங்குனியில் பூண்டிக்குப் போகலாம். 1985இல் தொல்லியல் துறை தொடங்கிய முன்வரலாற்று அகழ்வைப்பகம் அங்கே இருக்கிறது. ஏரிக்கரைக் காற்றும் உண்டு. ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினத்தை ஒட்டிப் பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய், ஃபூட் சேகரித்ததைப் பார்க்கலாம். பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு கல்லுக்கும் கீழே என்ன ஊர் என்று எழுதச் சொல்லுங்கள்.

நண்பர் ஒத்துக்கொண்டார், பாதி மனதோடு. ஷோகேஸ்காரரிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன். எந்த வருஷப் பிக்னிக், ஏரியின் எந்தக் கரை, பக்கத்தில் ஓடை இருந்ததா என்று ஞாபகம் வந்தவரை ஒரு தாளில் எழுதி, கல்லோடு சேர்த்துப் பூண்டியில் ஒப்படைக்கலாம் என்பது என் கட்சி. அவர் மனைவி என் பக்கம்.

எழும்பூருக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், நடக்க நிறைய இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை.